உலைக்கு முந்திய பிடி

அரிசி விழுந்துகொண்டிருக்கிறது, சாக்கின் வாயை இரண்டு கைகளாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு மாரிக்கனி குனிந்து நிற்கிறாள், டப்பாவைக் கவிழ்க்கிற கை யாருடையது என்று நிமிர்ந்து பார்த்துத்தான் தெரிய வேண்டும் என்பதில்லை, நகத்தோரங்களில் காய்ந்து வெளுத்திருக்கிற அந்தப் பசை போதும், தீப்பெட்டி ஒட்டுகிறவர்களின் பசை, சோப்புப் போட்டாலும் போகாது, சீயக்காய் போட்டாலும் போகாது, நிமிர்ந்துவிடாதே, நிமிர்ந்தால் அழுதுவிடுவாய் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு சாக்கின் இருட்டுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருக்கிறாள், சலசலவென்று விழுகிற சத்தம் ஓய்வதாக இல்லை, ஒரு சின்ன டப்பாவில் இவ்வளவு அரிசி ஏது, சத்தம் கூடுகிறது, கூடிக்கூடி ஒரு கட்டத்தில் கைதட்டலாகிவிடுகிறது, மேடம், அடுத்த பொன்னாடை நீங்கதான் என்று பின்னாலிருந்து ஒரு குரல் கிசுகிசுக்கிறது, அட ஆமாம், இது பல்கலைக்கழகத்தின் விழா அரங்கம், கொடை கொடுத்தவர்களைக் கூப்பிட்டு மரியாதை செய்கிற நாள், அவள் இப்போது இங்கே வேதியியல் துறைத் தலைவர், தலை பாதிக்குமேல் நரைத்துவிட்டது, சாக்கும் இல்லை அரிசியும் இல்லை, கையில் இருப்பது ஒரு சரிகைத் துண்டு.

எழுந்து போய்ப் போர்த்துகிறாள், மாணவிகளுக்குப் பேருந்து வாங்கிக் கொடுத்த லாரி முதலாளி, பெரிய மீசைக்காரர், துண்டுக்குக் கழுத்தை நீட்டும்போது மணவறையில் உட்கார்ந்த மாப்பிள்ளை மாதிரி வெட்கப்படுகிறார், நூலகத்துக்கு மாடி எழுப்பிக் கொடுத்த டாக்டர் தம்பதி ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவர் ஒளிகிறார்கள், ஆய்வுக்கூடத்துக்குக் கருவிகள் தந்த பழைய மாணவன் சிங்கப்பூரிலிருந்து இதற்காகவே வந்திருக்கிறான், அவளிடம் படித்தவன், காலில் விழப் பார்க்கிறான், எந்திரிடா என்று மேடையிலேயே அதட்டுகிறாள், இவர்களை எல்லாம் அவளுக்கு மனதாரப் பிடிக்கும், கொடுக்க மனம் வருவது லேசா, இருக்கிறவர்கள் எல்லாரும் கொடுத்துவிடுகிறார்களா என்ன, ஆனாலும் ஒவ்வொரு தோளிலும் துண்டு விழும்போது அவள் கண் புகைப்படக்காரரைத்தான் தேடுகிறது, தம்பி, ஒரு தடவை எடுத்தா போதும், சரியா வரலைன்னு யாரையும் மறுபடி நிக்க வைக்காதீங்க என்று காலையிலேயே சொல்லி வைத்திருக்கிறாள், அவன் ஏன் என்று கேட்கவில்லை, வயதானவர்களுக்கு ஆளுக்கொரு கிறுக்கு இருக்கும் என்று நினைத்திருப்பான்.

சின்ன வயதில் அந்தப் பள்ளிக்கூடத்து மேடையில் பிளாஷ் எரியவில்லை, இலவசச் சீருடை வாங்குகிற பிள்ளைகளை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள், பொட்டலத்தை வாங்கிக்கொண்டு நகர்ந்த மாரிக்கனியை, பாப்பா, இங்க வா, சரியா விழலை என்று போட்டோக்காரர் கூப்பிட, திரும்பி வந்து பொட்டலத்தைச் சீருடை தந்த பெரிய மனிதர் கையில் கொடுத்து மறுபடி வாங்கினாள், சிரி பாப்பா, ஐயா எவ்வளவு ஆசையாக் குடுக்காரு, அழுமூஞ்சியா நிக்கலாமா என்றார்கள், சிரித்தாள், அப்போதும் எரியவில்லை, மறுபடி கொடு, மறுபடி வாங்கு, கீழே சம்மணம் போட்டிருந்த பிள்ளைகள் கெக்கலி கொட்ட ஆரம்பித்தார்கள், அந்தப் பெரிய மனிதர்மேல் தப்பில்லை, அவருக்கும் கை வலித்திருக்கும், ஆனால் தொளதொளத்த அந்தப் பாவாடையை அம்மா அவள் இடுப்பில் சுற்றி ஊக்குக் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தபோது பிள்ளை தீர்மானமாகச் சொன்னது, இனிமே யாரும் சும்மா குடுக்கிறதை நான் வாங்க மாட்டேம்மா, அம்மா சண்முகத்தாய் ஊக்கைப் பல்லில் கவ்விக்கொண்டே சிரித்தாள், அப்ப நாம எப்படித்தா பொழைக்கிறது என்றாள். அம்மாவுக்கு அந்த ரோஷமெல்லாம் கட்டுப்படியாகாது, அப்பா போன பிறகு தீப்பெட்டி ஆபீஸ் லைன் வீட்டில் ஒற்றை ஆளாக ஒட்டு வேலை பார்த்துப் பிள்ளையைப் படிக்க வைத்தவள், கூலி கைக்கு வருவதற்கு முந்தின நாட்களில் பக்கத்து வீட்டில் ஒரு டம்ளர் அரிசி கைமாற்றாக வாங்குவாள், திருப்பித் தரும்போது டம்ளர் விளிம்புக்கு மேலே கோபுரமாகக் குவித்துக் கொண்டுபோய்க் கொடுப்பாள், போகிற வழியில் ஒரு மணி சிந்திவிடக் கூடாது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நடப்பாள், அந்தக் கோபுரம்தான் அவளுடைய கௌரவம். அம்மா எப்போதும் வாங்கிக்கொண்டே இருந்தாள், மகள் எப்போதும் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

எம்.எஸ்ஸி. படிக்க இந்தப் பல்கலைக்கழகத்துக்கு வந்தபோது உதவித்தொகை உண்டு என்றார்கள், அது மார்க்குக்குக் கிடைப்பது, உழைத்து வாங்குவது, அதில் கூச்சமில்லை, விடுதிச் செலவு அதிலேயே அடங்கிவிடும் என்று கணக்குப் போட்டுத்தான் தகரப் பெட்டியோடு வந்து இறங்கினாள், ஊரிலிருந்து தினம் பஸ்ஸில் போய்வரக் கட்டாத தூரம், சுற்றிலும் கரிசல் பொட்டல், நடுவில் நாலு கட்டடம், ஒரு வேப்பமரம், காற்றடித்தால் துணி காயும், தலையில் மண் நிறையும், அந்த வருஷம் பார்த்து மழை பொய்த்தது, உதவித்தொகையும் எங்கோ ஒரு ஆபீசில் மாட்டிக்கொண்டது, வரும் வரும் என்றார்கள், வரவில்லை, மளிகைக்காரர் சரக்கு அனுப்புவதை நிறுத்தினார், முதலில் காலைப் பலகாரம் நின்றது, பிறகு ராத்திரிச் சாப்பாடு நின்றது, அதற்குப் பிறகு பிள்ளைகள் நிற்கவில்லை, ஒவ்வொருத்தியாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார்கள், போய்விட்டு வருகிறேன் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள், அப்படிப் போனவள் திரும்பி வர மாட்டாள், வீட்டில் மாப்பிள்ளை பார்த்துவிடுவார்கள் என்பது வார்டன் டெய்சி மேடத்துக்குத் தெரியும், அவர் வாசலில் நின்று கையசைத்துவிட்டு உள்ளே போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வருவார்.

டெய்சி மேடம் ஊருக்குள் மிளகாய் வற்றல் வாங்கப் போன இடத்தில் வாய்தவறித்தான் பிள்ளைகளின் பட்டினியைச் சொன்னார், மண்டியில் முதலாளி அண்ணாச்சி இல்லை, அவர் மனைவி ராஜபுஷ்பம் கல்லாவில் இருந்தார், கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரல், என்னது, படிக்கிற பிள்ளைக வயித்தைக் கட்டிக்கிட்டா படிக்கிதுக, இத்தனை நாளும் ஏன் வாயைத் திறக்கலை, நாங்க என்ன செத்தா போயிட்டோம் என்று வற்றல் நெடியையும் மீறி அவர் போட்ட சத்தத்தில் கடைத்தெருவே திரும்பிப் பார்த்ததாம், அன்று சாயங்காலமே குடையை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் பிடியரிசி கேட்டுக் கிளம்பிவிட்டார். அந்த ஊருக்கு இது புதிதில்லை, மழை இல்லாத ஊர், வியாபாரத்தால் தலையெடுத்த ஊர், பள்ளிக்கூடமே அப்படிப் பிடியரிசியில் எழுந்ததுதான் என்று பெரியவர்கள் சொல்வார்கள், உலை வைக்க அரிசி அளந்ததும், களைவதற்கு முன்னால், அளந்த அரிசியிலிருந்தே ஒரு பிடி எடுத்துத் தனியாகப் போட்டு வைக்க வேண்டும், மூட்டையிலிருந்து எடுக்கக் கூடாது, அதற்கென்று கடையில் வாங்கியும் போடக் கூடாது, ராஜபுஷ்பம் இதில் கறார், மூட்டையில எடுத்தா மூட்டைக்குத்தானம்மா குறையும், உனக்கு என்ன குறைஞ்சுது, உன் தட்டுல ஒரு வாய் குறையணும், அப்பத்தான் அந்தப் பிள்ளை தட்டுல ஏறும் என்பார், ஒரு டாக்டர் வீட்டம்மா இந்த வம்பெல்லாம் எதுக்கு, காசாக் குடுத்திடுறேனே என்றதற்கு, காசு வேணும்னா உங்க வீட்டுக்காரர்கிட்ட வாங்கிக்கிடுறேன், உங்ககிட்ட வேண்டியது உங்க கைப்பிடி என்று சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார், அந்தம்மா உலை வைக்கிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை.

முதல் ஞாயிற்றுக்கிழமை பல்கலைக்கழகத்து வேனில் அரிசி வந்து இறங்கியபோது விடுதியே கூடி நின்று பார்த்தது, எத்தனை வீடு, எத்தனை கை, யாரென்றே தெரியாத பிள்ளைகளுக்காக ஒவ்வொரு அடுப்படியிலும் ஒருத்தி ஒரு நிமிஷம் நின்றிருக்கிறாள் என்று நினைத்தால் இப்போதும் மாரிக்கனிக்கு உடம்பு சிலிர்க்கும், ஆனால் அன்றைக்குச் சிலிர்த்த கையோடு சிரிப்பும் வந்தது, ஏனென்றால் சாக்கைப் பிரித்தால் அதில் எந்த அரிசியும் இல்லை, எல்லா அரிசியும் இருந்தது, பொன்னி, பச்சரிசி, இட்லி அரிசி, குருணை, மலையாளத்து டீக்கடைக்காரர் வீட்டுச் சிவப்பரிசி, டாக்டர் வீட்டுப் பாசுமதி, எல்லாம் ஒன்றோடொன்று உறவாடிக்கொண்டு கிடந்தன, மெஸ் மாஸ்டர் தவசி எதையும் யோசிக்காமல் அப்படியே உலையில் கொட்டிவிட்டார், கொதி வந்ததும் பச்சரிசி குழைந்தது, பொன்னி வெந்தது, இட்லி அரிசி பாதி வெந்து முறைத்தது, சிவப்பரிசி நான் அசைய மாட்டேன் என்று கல்லாக உட்கார்ந்துவிட்டது, ஒரே வாயில் கூழும் கல்லும், பிள்ளைகள் விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், துப்பினால் ஊரை அவமதித்த மாதிரி ஆகிவிடும், டெய்சி மேடம் பயந்துபோய் அடுத்த வாரத்திலிருந்து எல்லாரும் ஒரே அரிசியாகக் கொடுத்தால் நல்லது என்று சொல்லிப் பார்த்தார், ராஜபுஷ்பம் ஒரு பிடி சோற்றை வாயில் போட்டு மென்றார், முகம் அஷ்டகோணலானது, விழுங்கினார், ஆனாலும் விடவில்லை, அவுகவுக தின்கிறதைத்தானே குடுப்பாக, அரிசியை மாத்தச் சொல்லாதீங்க, வேணும்னா ஆக்குறதை மாத்துவோம் என்றார், இட்லி ஊற்றினார்கள், பந்தாக வந்தது, கஞ்சி வைத்தார்கள், அடிப்பிடித்தது, கடைசியில் எல்லாவற்றையும் அவருடைய மாவு மில்லுக்கே அனுப்பி வறுத்து அரைத்து வந்து புட்டு அவித்தபோதுதான் சரிப்பட்டது, மாவான பிறகு எது பாசுமதி எது குருணை, தேங்காய்ப்பூவும் கருப்பட்டியும் போட்டு ஆவி பறக்க வந்த அந்தப் புட்டுக்குப் பிள்ளைகள் சர்வகட்சிப் புட்டு என்று பெயர் வைத்தார்கள், ஊருக்குப் போகப் பெட்டி கட்டியிருந்த இரண்டு பேர் பெட்டியை அவிழ்த்தார்கள்.

மாரிக்கனி மட்டும் சாப்பிடவில்லை, வயிறு சரியில்லை என்றாள், கோயிலுக்கு விரதம் என்றாள், டீயில் ஒரு பன்னை நனைத்துத் தின்றுவிட்டுத் தண்ணீர் குடித்துப் படுத்தாள், புட்டு வாசம் வராந்தா வழியாக அவள் அறைக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும், அறைத்தோழி பரிமளம் கெட்டிக்காரி, இரண்டு நாள் பார்த்தாள், மூன்றாம் நாள் கதவைச் சாத்திவிட்டு நேராகக் கேட்டாள், ஏண்டி, இது பிச்சைன்னு நினைக்கிறியா, பொட்டலத்தைக் கொடுத்துக் கொடுத்து வாங்கிய மேடையைப் பரிமளத்துக்கு எப்படிச் சொல்வது, அவளுடைய அப்பா வாத்தியார், பணம் வர ஒரு மாதம் பிந்தினால் அது பரிமளத்துக்குக் கஷ்டம், மாரிக்கனிக்கு அது ஜாதகம், நாளைக்கு எவளாவது ஒருத்தி கடைத்தெருவில் பார்த்து நம்ம அரிசியைத் தின்ன பிள்ளை என்று சொன்னால் செத்துவிடலாம் போலிருக்கும், அதற்குத் தீப்பெட்டி ஆபீசுக்கே போய்விடலாம், அங்கே ஒட்டுகிற ஒவ்வொரு பெட்டிக்கும் கூலி, யாருக்கும் நன்றி சொல்ல வேண்டியதில்லை, பரிமளம் கெஞ்சினாள், திட்டினாள், இன்னும் ஒரு வருஷம்டி, ஒரே வருஷம், முடிச்சா நீ வாத்தியாருடி என்று அழுதாள், மாரிக்கனி பெட்டியைக் கட்டிக் கட்டிலடியில் தள்ளினாள், திங்கட்கிழமை முதல் பஸ், அம்மாவுக்குக்கூட இன்னும் தெரியாது, அம்மா நினைத்துக்கொண்டிருப்பதெல்லாம் மகள் சொன்னதை, எனக்குச் சாப்பாடு கவர்ன்மெண்டு போடுதும்மா, ஒரு குறையும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அரிசி சேகரிக்க வேனில் போக அவளுடைய முறை வந்தது, போனாள், சுமப்பது வேலை, வேலை செய்வதில் என்ன கேவலம், கிளம்புவதற்கு முன்னால் விடுதிக்கு ஒரு வேலை செய்துவிட்டுப் போனதாகவும் இருக்கட்டும், முன்னால் ராஜபுஷ்பம் குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், வழக்கமான தெருக்களில் சாக்கை நிறைத்துக்கொண்டு வேன் தெப்பக்குளத்தைச் சுற்றித் திரும்பாமல் ரயில்வே கேட்டைத் தாண்டியது, மாரிக்கனிக்குத் திக்கென்றது, எங்க போறோம் பெரியம்மா என்றாள், அதை ஏன் கேக்கிற, எனக்குப் போன வாரம் நல்ல பூசை கிடைச்சுது என்று ராஜபுஷ்பம் பின்னால் திரும்பினார், தீப்பெட்டி ஆபீஸ் லைன் இருக்குல்ல, அதுகளே அன்னாடங்காய்ச்சி, அதுககிட்டப் போயி எதைக் கேக்கிறதுன்னு அந்தத் தெருவை மட்டும் விட்டுட்டேன், பாவம் பாத்து விட்டேன்னு வையி, போன வாரம் அஞ்சாறு பொம்பளைக மண்டிக்கு வந்து நிக்காக, என்ன, கடன் கேக்க வந்திருக்காகளோன்னு நினைக்கேன், ஏக்கா, ஊரெல்லாம் அரிசி வாங்குதிய, எங்க தெரு மட்டும் உங்க கண்ணுக்குத் தெரியலையா, எங்க வீட்டுலயும் உலை கொதிக்கத்தான செய்யிது, எங்க கையி மட்டும் கையி இல்லையான்னு கேட்டாக பாரு, எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கிடலாம் போல ஆயிப்போச்சு, அன்னைக்கு டாக்டர் வீட்டுல போயிச் சட்டமாப் பேசினேன், இவுக வீட்டுப் படி மட்டும் ஏறாம வந்திருக்கேன், எம்புட்டுப் பெரிய தப்பு. ராஜபுஷ்பம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார், மாரிக்கனிக்கு இறங்கி ஓடிவிடலாமா என்றிருந்தது, அந்த லைனில் கடைசி வீட்டுக்கு முந்தின வீடு அவளுடையது என்று விடுதியில் யாருக்கும் தெரியாது.

தெருவே வாசலில் நின்றது, இத்தனை வருஷம் அந்தத் தெருவில் வளர்ந்தவள் அவர்களை அப்படிப் பார்த்ததில்லை, தலை வாரி, பூ இருந்தவர்கள் பூ வைத்து, பசைக் கையைக் கழுவி, டப்பாவும் தூக்குச்சட்டியும் சுருக்குப் பையுமாகக் காத்திருந்தார்கள், ரேஷன் கடையில் வரிசையில் நிற்கும்போது அவர்களுக்கு இருக்கிற முகம் அவளுக்குத் தெரியும், கூலி நாளில் ஆபீஸ் ஜன்னலில் கை நீட்டுகிற முகம் தெரியும், இது வேறு முகம், பந்தி விசாரிக்கிற வீட்டுக்காரியின் முகம், கல்லு கில்லு இருந்தாப் பாத்துக்கிடுங்க தாயி, பொடச்சுத்தான் வச்சிருக்கேன் என்றாள் ஒருத்தி, எங்களது வாடை அடிக்கும், ரெண்டு தண்ணி கூடக் களையச் சொல்லுங்க என்று பக்குவம் சொன்னாள் இன்னொருத்தி, ரேஷன் அரிசிதான், பழுப்பரிசிதான், ஆனால் ஒவ்வொரு பிடியும் யாருடைய தட்டிலிருந்து எடுத்தது என்று மாரிக்கனிக்குத் தெரியும், எந்த வீட்டில் எத்தனை வாய், எந்த வீட்டில் மத்தியானம் அடுப்பெரியாது என்பதெல்லாம் தெரியும், சாக்கு கனக்கக் கனக்க அவள் தலை குனிந்துகொண்டே போனது, அடையாளம் கண்டவர்கள், ஏ, நம்ம சண்முகத்தாயி மகள்ளா, நீயும் இந்த நல்ல காரியத்துல இருக்கியா, நல்லா இரு தாயி என்று கன்னத்தைத் தொட்டு முத்தமிட்டார்கள்.

பிறகு அந்தப் பசை படிந்த கை, அந்தப் பால்பவுடர் டப்பா, அரிசி விழுந்துகொண்டிருக்கிறது, அம்மாவுக்கு ஒரே பூரிப்பு, ஏத்தா, நீயா வந்திருக்க, சொல்லவே இல்லையே, பாத்தியா, நம்மளையும் மதிச்சு வீடு தேடி வந்திருக்காக, இத்தனை வயசுக்கு என்கிட்ட யாரும் வந்து, சண்முகத்தாயி, நீ குடுன்னு கேட்டதில்லைத்தா, எல்லாரும் எனக்குக் குடுக்கத்தான் வருவாக, இல்லைன்னா குடுத்ததைக் கேக்க வருவாக, இப்ப உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்து வைக்கிறப்ப எனக்கு எப்படி இருக்குங்கிற, ராணி கணக்கா இருக்கு, உனக்காவது கவர்ன்மெண்டு சோறு போடுது, பாவம், அந்த இல்லாத பிள்ளைக என்ன செய்யும் என்று அம்மா சொல்லிக்கொண்டே போக, மாரிக்கனி சாக்கின் வாயைச் சேர்த்துப் பிடித்தாள், அம்மா, போதும், போடாத, எனக்கு எந்தக் கவர்ன்மெண்டும் போடலை, நான் சொன்னது பொய்யி, நாந்தாம்மா அந்த இல்லாத பிள்ளை, இது எனக்கு ஆக்கிப் போடுறதுக்குத்தான், நீ பட்டினி கிடந்து எனக்குப் போட வேண்டாம், நான் காலையில வீட்டுக்கு வந்திடுறேன், ஒட்டு வேலைக்கு வாறேன் என்று தெருவே கேட்கும்படி சொல்லிவிட்டாள், வேனுக்குள் இருந்த பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள், ராஜபுஷ்பம் குடையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

அம்மா காலி டப்பாவைப் பார்த்தாள், சாக்கைப் பார்த்தாள், மகள் முகத்தைப் பார்த்தாள், மெலிந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும், கண்ணில் நீர் முட்டியது, ஆனால் அவள் கேட்டது வேறு, அப்ப இது செல்லாதேத்தா என்றாள், எது செல்லாது சண்முகத்தாயி என்றார் ராஜபுஷ்பம், இல்லக்கா, பெத்த பிள்ளைக்கு நான் சோறு போடுறதை எந்த ஊருல தர்மம்னு சொல்லுவாக, அது என் பாடுதானே, நான் குடுத்ததா ஆகாதே என்றாள் அம்மா, சொன்ன கையோடு விறுவிறுவென்று வீட்டுக்குள் போய்விட்டாள்.

மேடம், நீங்க ரெண்டு வார்த்தை என்று மைக்கைக் கொண்டுவந்து முன்னால் வைக்கிறார்கள், அரங்கம் காத்திருக்கிறது, கொடையாளர்கள் காத்திருக்கிறார்கள், பின்வரிசைகளில் விடுதிப் பிள்ளைகள் கழுத்தை எக்கிப் பார்க்கிறார்கள், அவர்களில் எவளோ ஒருத்தி இந்தக் கைதட்டலுக்குள் கூனிக்குறுகி உட்கார்ந்திருப்பாள், எவளோ ஒருத்தியின் கட்டிலடியில் கட்டிய பெட்டி இருக்கும், அவளுக்குச் சொல்ல வேண்டும், வாங்குகிறவள் தாழ்ந்தவள் இல்லை பிள்ளே, கேட்டு வருகிறவளால்தான் என் அம்மா முதன்முதலாக நிமிர்ந்தாள், நீ பசியோடு அங்கே இருந்தாய், அதனால்தான் இங்கே ஒருத்தி ராணியானாள் என்று சொல்ல வேண்டும், மைக்கைப் பிடித்து நிமிர்கிறாள், எதிரே லைன் வீட்டின் கதவில்லாத அந்த வாசல்படிக்கு அந்தப் பக்கம் அம்மா குனிந்து என்னவோ செய்துகொண்டிருப்பது தெரிகிறது, அடுப்பில் தண்ணீர் கொதிக்கிறது, அம்மாவின் ராத்திரிச் சோற்றுக்கு அளந்த அரிசி புடைக்கிற சுளகில் கிடக்கிறது, ஒரு ஆள் சோறு, அதில் ஏற்கெனவே ஒரு பிடி எடுத்தாயிற்று, இப்போது சுளகின் ஒரு ஓரத்தில் ஒண்டிக் கிடப்பதுதான் மிச்சம், அம்மா அதில் கையை வைக்கிறாள், வேண்டாம்மா என்று மாரிக்கனிக்குச் சொல்ல வருகிறது, சொல்லவில்லை, சொல்லக் கூடாது என்று அந்த நொடியில் தெரிந்துவிட்டது, திங்கட்கிழமை முதல் பஸ் அவள் இல்லாமல்தான் போகும், அன்று இருட்டுவதற்குள் விடுதிக்குத் திரும்பி, தட்டை எடுத்துக்கொண்டு, எல்லாருக்கும் முன்னால் உட்கார்ந்து, பரிமளம் வாயைப் பிளந்து பார்க்க, இரண்டாம் தடவை கேட்டு வாங்கி அந்தப் புட்டைச் சாப்பிடப் போகிறாள், இதெல்லாம் இன்னும் நடக்கவில்லை, நடந்து எத்தனையோ வருஷமாயிற்று.

அம்மா மூடிய கையோடு வெளியே வருகிறாள், விரலிடுக்கில் ஒரு மணிகூடச் சிந்தாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்து சாக்குக்கு நேராக நிற்கிறாள், மாரிக்கனி இந்தத் தடவை குனியவில்லை, அம்மாவின் முகத்தையே பார்த்தபடி சாக்கின் வாயை நன்றாக விரித்துப் பிடிக்கிறாள், முதல்ல போட்டது உனக்குத்தா, வயிறாரச் சாப்பிட்டுப் படி என்றாள் அம்மா, இது மத்த பிள்ளைகளுக்கு என்று கையைத் திறந்தாள்.